‘இல்லை’ வேறு, ‘தென்படவில்லை’ வேறு

விருதுநகர் மாவட்டப் பள்ளிகளில் பசுமைப் படையையும் சுற்றுச்சூழல் மன்றத்தையும் நடத்திவரும் ஆசிரியர்களுக்கு, குறிப்பாக ஆலங்குளம், வெம்பக்கோட்டை, சிவகாசி வட்டாரத்தில் பணியாற்றுபவர்களுக்கு.

ஐப்பசி பிறக்கும் முன் ஒரு வேண்டுகோளை உங்களிடம் வைக்கவே இந்த மடல். நம் கண்மாய்களிலும் ஊருணிகளிலும் வாழும் தவளைகளையும் ஆமைகளையும் முறையாகக் கணக்கெடுக்கும் பயிற்சியை இந்த வடகிழக்குப் பருவத்திலேயே தொடங்குங்கள். பயிற்சி என்றதும் இனப்பெயர்ப் பட்டியலும் படக்காட்சியும்தான் நினைவுக்கு வருகின்றன. அவையும் வேண்டும், ஆனால் அவற்றை இரண்டாவது வகுப்புக்கு வைத்துக்கொள்ளலாம். முதல் வகுப்பில் சொல்லித்தர வேண்டியது, தேடியும் கிடைக்காததை எப்படி எழுதுவது என்பதைத்தான். நீர்நிலைகளைப் பற்றி நாம் வைத்திருக்கும் ஏடுகளில் கண்ணில் பட்டவை மட்டுமே ஏறுகின்றன. ஒரு கண்மாயின் பெயருக்கு நேரே எந்தத் தவளையும் எழுதப்படாமல் இருந்தால், அங்கே தவளை இல்லையா, யாரும் போய்ப் பார்க்கவில்லையா, போனவர் பங்குனி மாதப் பகலில் போய்த் திரும்பினாரா என்று அந்த ஏட்டைக் கொண்டு சொல்ல முடியாது. பறவைகளுக்கு இந்தச் சிக்கல் குறைவு. தாமிரபரணிப் பக்கத்துக் குளங்களில் 2011 முதல் ஏட்ரீ நிறுவனத்தின் மணிமுத்தாறு மையம் தன்னார்வலர்களைக் கொண்டு நீர்ப்பறவைகளை எண்ணி வருகிறது. வனத்துறையும் மாநிலம் முழுக்க ஒருங்கிணைந்த பறவைக் கணக்கெடுப்பு நடத்துகிறது. நாரையும் கொக்கும் பகல் வெளிச்சத்தில், வெட்டவெளியில் நிற்கும். தவளை இரவில் கத்தும், அதுவும் சில இரவுகள்தான். ஆமை மூக்கு நுனியை மட்டும் நீட்டி மூச்சு வாங்கிக்கொண்டு மூழ்கிவிடும். பறவை பார்க்கப் போன கண்ணோடு போனால் இரண்டும் அகப்படாது.

பட்டாசும் தீப்பெட்டியும் சிவகாசியில் வேர்விட்டதற்கு இங்குள்ள வறண்ட வானிலை ஒரு முக்கியக் காரணம். வெடி காய்வதற்கு உதவும் அதே வெயில்தான் நம் தவளைகளை ஆண்டில் பல மாதம் மண்ணுக்குள் அனுப்பி வைக்கிறது. தென்னிந்தியச் சமவெளியில் வாழும் வளைத்தவளைகள் பின்னங்காலில் உள்ள மண்வெட்டி போன்ற புடைப்பால் தோண்டிப் பின்பக்கமாகவே மண்ணுக்குள் இறங்கிவிடும். ஊதிய பலூன் போன்ற உடம்புள்ள சிறுவாய்த் தவளை ஒன்று உண்டு. கனமழை பெய்து வெள்ளம் தேங்கிய சில இரவுகளில் மேலே வந்து, கத்தி, கூடி, முட்டையிட்டுவிட்டு மறுபடி மண்ணுக்குள் போய்விடும். அந்தச் சில இரவுகளைத் தவறவிட்டவருக்கு அந்தத் தவளை அந்த ஊரிலேயே கிடையாது. நம் வட்டார ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி வடகிழக்குப் பருவத்தில் கொட்டுவதால், கணக்கெடுப்பு நாட்காட்டியை ஐப்பசியில் தொடங்கித்தான் வரைய வேண்டும். தேசிய அளவிலான கையேடுகள் பெரும்பாலும் ஜூன், ஜூலை மாதங்களை மனதில் வைத்து எழுதப்பட்டவை. அவற்றை அப்படியே இங்கே இறக்கினால் காலிக் கண்மாயைச் சுற்றிவிட்டு வரவேண்டியதுதான்.

நாட்காட்டி பிழைத்தால் என்ன ஆகும் என்பதற்குச் சான்று தேடி வெகுதூரம் போக வேண்டாம். மேற்கே தெரியும் ஸ்ரீவில்லிபுத்தூர் மலையிலேயே இருக்கிறது. கேரளப் பக்கத்து மலையிலிருந்து 2003இல் ஊதாத் தவளை உலகுக்கு அறிமுகமானபோது அந்தப் பேரினத்தில் அறியப்பட்ட இனம் அது ஒன்றுதான். தென்மேற்குப் பருவத்தில், மே முதல் ஆகஸ்ட் வரையிலான காலத்தில் இனப்பெருக்கம் செய்வது. அதன் உடன்பிறப்பான இன்னோர் இனம் சாம்பல் நிற அணில் சரணாலயத்தை ஒட்டிய கிழக்குச் சரிவில் இருப்பது 2017இல்தான் அறிவியல் பெயரோடு பதிவானது. இது இனப்பெருக்கம் செய்வது அக்டோபர் முதல் டிசம்பர் வரை. மழைக்காலம் மாறியதே இரண்டும் தனித்தனி இனங்களாகப் பிரிந்ததற்குக் காரணமாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கருத்து. ஆண் தவளையின் குரலும், எலும்புக்கூட்டின் அமைப்பும், மரபணுவும் வேறுபாட்டை உறுதி செய்தன. ஆமைகளையும் இருவாழ்விகளையும் ஆராய்ந்து, 2014இல் அகத்தியமலைக் களப்பணியில் உயிரிழந்த கோயம்புத்தூர் சலீம் அலி மையத்து விஞ்ஞானி சுப்பிரமணியம் பூபதியின் பெயரைப் புதிய இனத்துக்குச் சூட்டினார்கள். கிழக்குச் சரிவில் ஜூன் மாதத்தில் மட்டும் தேடிய ஒருவர் ‘இங்கே இல்லை’ என்று எழுதியிருந்தால் அவர் நேர்மையாகவே தவறு செய்திருப்பார். அவரே ‘ஜூன், இரண்டு இரவுகள், மொத்தம் மூன்று மணி நேரம், தென்படவில்லை’ என்று எழுதியிருந்தால் அடுத்தவர் அக்டோபரில் போயிருப்பார்.

‘தென்படவில்லை’ என்பதற்கு எடை எப்படிக் கூடுகிறது என்பதை எட்டாம் வகுப்புக் கணக்கால் விளக்கலாம். ஒரு கண்மாயில் ஓர் இனம் உண்மையில் இருக்கிறது, ஒரு முறை போனால் அது நம் காதில் விழும் வாய்ப்பு பத்தில் மூன்று என்று வைத்துக்கொள்வோம். ஒரு முறை போய் வெறுங்கையோடு திரும்பினால் தவறவிட்டிருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 70. நான்கு முறை போய்க் கிடைக்காவிட்டால் அது நூற்றுக்கு 24 ஆகக் குறையும். எட்டு முறை என்றால் நூற்றுக்கு ஆறுக்குள் வந்துவிடும். அப்போதும் ‘இல்லை’ என்று ஆகிவிடாது, ஆனால் அதை நம்பி ஒரு முடிவெடுக்கலாம். அமெரிக்காவின் மேரிலாந்தில் 32 நீர்நிலைகளில் 2000ஆம் ஆண்டு தன்னார்வலர்கள் தவளைக் குரல் கேட்டு எழுதிய பதிவுகளை வைத்து மெக்கென்சி குழுவினர் 2002இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். கேட்காமல் போன முறைகளையும் கணக்கில் சேர்த்துப் பார்த்தபோது, அங்குள்ள ஒரு தேரை இனம் குரல் பதிவானதைவிட 44 விழுக்காடு கூடுதலான இடங்களில் இருப்பதாகத் தெரிந்தது. அதே நீர்நிலைகளில், அதே ஆட்கள் கேட்ட இன்னொரு சிறு தவளைக்குத் திருத்தமே தேவைப்படவில்லை எனலாம், 83 விழுக்காடு 85 ஆனது, அவ்வளவுதான். ஓர் இனம் காதுக்கு எளிது, இன்னொன்று கடினம். எது எளிது, எது கடினம் என்பதைக் கேட்காத இரவுகளின் பதிவுதான் காட்டிக்கொடுத்தது. அந்தத் தன்னார்வலர்கள் வெற்று இரவுகளை எழுதாமல் விட்டிருந்தால் இந்த ஆய்வே கிடையாது. இங்கிலாந்தில் குளங்களில் வாழும் பெருங்கொண்டை நியூட் என்ற வாலுள்ள இருவாழ்விக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. ஒரு குளத்தில் அது இல்லை என்று கட்டுமானக்காரர் சொல்ல வேண்டுமானால், மார்ச் நடுவிலிருந்து ஜூன் நடுவுக்குள் நான்கு முறை, முடிந்தவரை ஒவ்வொரு முறையும் மூன்று வகை முறைகளால் தேடியிருக்க வேண்டும் என்பது அங்கே 2001இல் வெளியான வழிகாட்டல். நான்கில் இரண்டு முறையாவது ஏப்ரல் நடுவுக்கும் மே நடுவுக்கும் இடையே அமைய வேண்டும்.

இனி, பயிற்சியில் கைப்பட என்ன செய்வது? பொழுது சாய்ந்து அரைமணி நேரம் கழித்துக் கரையில் ஓரிடத்தில் நின்று ஐந்து நிமிடம் அசையாமல் கேட்பது முதல் வேலை. நுணல் தன் குரலால் தன்னையே காட்டிக்கொடுக்கும் என்று பழமொழி சொல்வது இங்கே நமக்கு வழிமுறையாகிறது. குரல்களைத் தனித்தனியே எண்ண முடிந்தால் 1, ஒன்றன்மேல் ஒன்று விழுந்தாலும் பிரித்தறிய முடிந்தால் 2, பிரிக்கவே முடியாத முழக்கமானால் 3, குரலே இல்லாவிட்டால் 0. வட அமெரிக்கக் கணக்கெடுப்பில் பல ஆண்டுகள் பயன்பட்ட அளவுகோல் இது, புதியவருக்கும் அரைமணியில் பிடிபடும். அடுத்து டார்ச் விளக்கோடு கரையோரம் மெதுவாக நடப்பது. மடையிலிருந்து மறுகால் வரை என்று தொலைவை முன்பே வகுத்துக்கொண்டு, எத்தனை பேர், எத்தனை நிமிடம் என்று குறிக்க வேண்டும். கத்தாத பெண் தவளைகள் இந்த நடையில்தான் தென்படும். பகலிலும் வேலை இருக்கிறது. மரத்தவளை நீருக்கு மேலே கிளையில் கட்டும் நுரைக்கூடு, தேரை நூல்போலக் கோத்துவிடும் முட்டை, சிறுவாய்த் தவளைகள் நீர்மேல் ஏடுபோல் பரப்பும் முட்டை, கண்ணாடிபோல் உடல் தெளிந்த தலைப்பிரட்டை, பிற தலைப்பிரட்டைகளையே தின்னும் பெருந்தவளையின் தலைப்பிரட்டை இவையெல்லாம் கையால் தொடாமலே அடையாளம் சொல்லும். ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் நாள், தொடங்கிய நேரம், முடித்த நேரம், ஆட்கள், கடந்த ஒரு நாளில் பெய்த மழை, காற்று, நீர்மட்டம் ஆகியவை இருக்க வேண்டும். அதற்குக் கீழே, எதிர்பார்த்துத் தேடிய இனங்கள் அனைத்தும் முன்கூட்டியே அச்சிடப்பட்டிருந்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு குறி விழுந்தாக வேண்டும். வெற்றிடம் விடக்கூடாது. பயிற்சியின் பாதிப் பயன் இந்தப் படிவத்தில் இருக்கிறது என்பது என் கருத்து. பெயர் தெரியாத தவளை வந்தால் ‘தெரியாத இனம்’ என்று எழுதிக் குரலைக் கைபேசியில் பதிந்துகொள்ளட்டும். வயல் தவளைகளில் பல, வல்லுநர்களுக்கே உருவத்தால் பிரிக்க முடியாதவை. ஊகித்து ஒரு பெயரை எழுதுவதைவிட அது மேல்.

ஆமைக்கு வருவோம். நம் நீர்நிலைகளில் எதிர்பார்க்கக்கூடியவை முக்கியமாக இரண்டு. வயிற்றுப்புறத்து மடல்களால் பின்னங்கால்களை மூடிக்கொள்ளும் பால் ஆமை ஒன்று, காலை வெயிலில் கல்லிலோ கட்டையிலோ ஏறிக் காயும் கருப்பு ஆமை மற்றொன்று. உங்கள் ஊரில் வேறு பெயர் வழங்கினால் அதையும் படிவத்தில் சேருங்கள். பால் ஆமை 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதை அழிவாய்ப்புள்ள இனமாக வகைப்படுத்தியுள்ளது. கருப்பு ஆமையை எதிர்க்கரையிலிருந்து தொலைநோக்கியால் எண்ணலாம். பால் ஆமையை அப்படி எண்ண முடியாது. கண்மாய் வற்றியதும் அது உள்வாய்ச் சேற்றில் புதைந்து அடுத்த மழை வரை கிடக்கும். நாம் வண்டல் எடுக்கப் பொக்லைனை இறக்குவதும் அதே கோடையில்தான். 2017இல் தொடங்கிய குடிமராமத்துத் திட்டமும் சரி, விவசாயிகளுக்கு வண்டல் மண் தரும் அனுமதியும் சரி, கண்மாய்க்கு நல்லது செய்தவை. அவற்றை நிறுத்தச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் எந்த மூலையில் ஆமை புதைகிறது என்று தெரிந்திருந்தால் அந்த மூலையைக் கடைசியாக எடுக்கலாம், அல்லது விட்டுவிடலாம். தெரியாதபோது அந்த யோசனையைச் சொல்லவே ஆள் இருக்காது. இன்னொரு வாய்ப்பும் கையருகே இருக்கிறது. நீர் குறைந்ததும் ஊர் கூடி இறங்கும் மீன்பிடித் திருவிழாவில் ஊத்தாவிலும் வலையிலும் ஆமை சிக்குவது உண்டு. நாம் வலை போடாமலே, ஊரே செய்து முடிக்கும் தேடல் அது. கரையில் இரண்டு மாணவர்கள் நோட்டோடு நின்று, எத்தனை பேர் இறங்கினார்கள், எத்தனை மணி நேரம், எத்தனை ஆமை வந்தது என்று எழுதி, வந்ததைத் திரும்ப நீரிலேயே விடச் சொன்னால் போதும். நூறு பேர் மூன்று மணி நேரம் கண்மாயைக் கலக்கியும் ஓர் ஆமைகூட வரவில்லை என்றால், அந்தத் ‘தென்படவில்லை’க்கு இருக்கும் எடையை வேறெந்த முறையாலும் பெற முடியாது. மூலத்துக்கு ஆமைக்கறி மருந்து என்ற பேச்சு ஊர்ப்புறங்களில் இன்னும் இருப்பதால், மாணவர்களை நிறுத்தும் முன் ஊர்ப் பெரியவர்களிடம் பேசிவிடுவது நல்லது. பிள்ளைகளைக் காவல்காரர்களாக ஆக்கி அங்கே நிறுத்தக் கூடாது.

இதற்கு வரக்கூடிய மறுப்புகளை நான் அறிவேன். அரிய இனங்கள் மலையில்தானே, கரிசல் காட்டுக் கண்மாயில் என்ன அரிது என்பது முதலாவது. அரிது என்பது எண்ணிப் பார்த்தபின் சொல்ல வேண்டிய சொல். டெல்லிப் பல்கலைக்கழகத்தின் எஸ்.டி. பிஜு 2010இல் தொடங்கிய காணாமற்போன இருவாழ்விகளைத் தேடும் முயற்சியில், 1874க்குப் பின் யாரும் காணாத ஒரு புதர்த்தவளை 136 ஆண்டுக்குப் பின் கிடைத்தது. அத்தனை காலமும் அது மலையில் இருந்துகொண்டுதான் இருந்தது. அரிதல்லாதவற்றுக்கும் எண்ணிக்கை தேவை. தவளைக்கால் ஏற்றுமதியை இந்தியா 1987இல் தடை செய்தது. அதுவரை கப்பலேறிய பெருந்தவளைகளுக்கு எடைக்கணக்கு உண்டு, எந்தக் கண்மாயில் எத்தனை மிஞ்சின என்று அதிலிருந்து அறிய வழியில்லை. கைபேசிச் செயலிகள் போதாதா என்பது இரண்டாவது மறுப்பு. செயலியில் ஏற்றிய படம் ஓர் உயிர் ஓரிடத்தில் இருந்ததற்குச் சாட்சி, அந்த அளவில் நல்லது. ஆயிரம் படம் சேர்ந்தாலும் அதிலிருந்து ஒரு ‘தென்படவில்லை’ பிறக்காது, ஏனென்றால் படம் எடுக்காமல் திரும்பிய மாலைகள் அதில் ஏறுவதேயில்லை.

கணக்கெடுப்பே அந்த உயிர்களுக்குக் கேடு என்ற மறுப்பு கனமானது, அதை ஒதுக்கிவிட முடியாது. தவளைத் தோலைத் தாக்கும் கைட்ரிட் பூஞ்சையால் உலகெங்கும் 501 இருவாழ்வி இனங்கள் சரிந்தன, அவற்றில் 90 அழிந்துபோயிருக்கலாம் என்று 2019இல் சயின்ஸ் இதழில் வந்த ஆய்வு மதிப்பிட்டது. மேற்குத் தொடர்ச்சி மலையிலும் அந்தப் பூஞ்சை பதிவாகியிருக்கிறது. ஒரு கண்மாயில் நனைந்த காலணியையும் கைவலையையும் கழுவி, கிருமிநீக்கி, வெயிலில் முழுக்கக் காயவிடாமல் அடுத்த கண்மாயில் வைக்கக் கூடாது. நம் ஊரில் வெயிலுக்குப் பஞ்சமில்லை என்பது இந்த ஒரு விஷயத்தில் வசதி. பிடிப்பதையும் வேட்டை என்ற சொல்லுக்குள்ளேயே வைக்கிறது சட்டம். ஆமைக்குப் பொறி வைப்பதோ கையில் தூக்கி அளப்பதோ தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதியோடு பயின்ற ஆய்வாளர் செய்ய வேண்டியது. பொறி முழுக்க மூழ்கினால் உள்ளே சிக்கிய ஆமை மூச்சுமுட்டிச் சாகும் என்பதையாவது எல்லாரும் அறிந்திருக்கட்டும். நான் இங்கே கேட்பதெல்லாம் பார்ப்பதும், கேட்பதும், எழுதுவதும்தான்.

பிள்ளைகளை இரவில் கண்மாய்க்கு அழைத்துப் போவதா என்று தலைமையாசிரியர் கேட்பார். கேட்க வேண்டிய கேள்விதான். பள்ளி மாணவர்களுக்குப் பகல் வேலை, இரவு நடை ஆசிரியர்களுக்கும் சிவகாசி, ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் கல்லூரிகளின் விலங்கியல் மாணவர்களுக்கும் என்று பிரித்துக்கொள்ளலாம். இரவில் பதிந்த ஐந்து நிமிட ஒலியை மறுநாள் வகுப்பில் ஓடவிட்டால், எந்தக் குரல் எத்தனை என்று சொல்லும் வேலையைப் பிள்ளைகள் நம்மைவிட நன்றாகச் செய்வார்கள். இரவு நடைக்கு முழங்கால் வரை பூட்ஸ் கட்டாயம். கண்ணாடி விரியனும் நல்ல பாம்பும், தவளையும் எலியும் இருக்கும் கரைக்கே வரும். மண் அள்ளிய குழிகளும், ஆலங்குளத்துச் சுண்ணாம்புக்கல் சுரங்கம் போன்ற செங்குத்துப் பள்ளங்களும் நீர் நிறைந்தபின் ஆழம் காட்டாது, அங்கே இறங்கவே கூடாது. பட்டாசு ஆலைகளும் கிடங்குகளும் இருக்கும் காட்டுப்பக்கத்தில் இரவில் விளக்கோடு நடமாடுவதானால் காவல் நிலையத்துக்கும் ஆலைக் காவலாளிக்கும் முன்பே தெரிந்திருக்க வேண்டும். தீபாவளியை ஒட்டிய சில இரவுகளைக் குரல் கணக்கிலிருந்து விலக்கிவிடுங்கள். வெடிச் சத்தத்தில் நாம் கேட்பதும் நடக்காது, தவளை கத்துவதும் மாறிப்போகும். வெடி சோதிக்கும் சத்தம் வந்த இரவானால் அதையும் படிவத்தில் எழுதுங்கள்.

எழுதியதை யார் படிப்பார்கள் என்பது மிச்சம். பல்லுயிர்ச் சட்டத்தின்படி ஒவ்வோர் உள்ளாட்சிக்கும் பல்லுயிர் மேலாண்மைக் குழுவும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடும் உண்டு. பசுமைத் தீர்ப்பாயம் கெடு விதித்ததால் 2020ஐ ஒட்டி நாடு முழுக்க அவசர அவசரமாக நிரப்பப்பட்ட பதிவேடுகள் அவை. அந்தப் பதிவேட்டில் தவளை, ஆமைப் பக்கத்தை உங்கள் படிவங்களைக் கொண்டு புதுப்பிக்கச் சொல்லிக் குழுவிடம் கேளுங்கள். அடுத்த முறை வண்டல் எடுக்க அனுமதி தரும்போதோ, மீன்பாசிக் குத்தகை விடும்போதோ அந்தப் பக்கத்தைப் புரட்டச் சொல்லவும் ஊர்க்கூட்டத்தில் இடம் இருக்கிறது. மூன்று பருவம் தொடர்ந்து எழுதிய ஒரு கண்மாயின் கணக்கு, ஒரே மழையில் முப்பது கண்மாயைச் சுற்றிய கணக்கைவிட அங்கே செல்லும். ஆகவே முதலாண்டு ஆளுக்கு ஒரு கண்மாய் போதும். பள்ளிக்கு நடந்து போகும் தூரத்தில் உள்ளதாக இருக்கட்டும்.

தொடங்கும் முன் ஒன்று. ஊராட்சித் தலைவரிடம் சொல்வதோடு நிறுத்தாமல், கண்மாயின் மீன் குத்தகைதாரரையும் நீர்க்கட்டியையும் நேரில் பார்த்துச் சொல்லிவிடுங்கள். மழை இரவில் கரையோரம் நாலு டார்ச் வெளிச்சம் அலைந்தால், மீன் திருட வந்த கூட்டம் என்றுதான் முதலில் நினைப்பார்கள்.